ரெண்டு பக்கமும் எட்டு

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் திரை நகரவில்லை. போகும்போது அறுபத்தொரு சதவீதம். வந்தபோதும் அறுபத்தொன்று. அளவுக்காரி மவுசைப் பிடித்து ஆட்டினாள். அம்புக்குறி அசையாமல் உறைந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் கட்டம் எழும்பி, மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

ஒரு ஆளை வாசலில் வைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று சொல்லிவிடுவாள். டேப் வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அதனால் வந்த பேர் அளவுக்காரி. அவள் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். புருஷனுடைய அக்கா கத்திரி பிடிப்பதில் பேர் போனவள். தெருவே அவளைக் கத்திரியக்கா என்று கூப்பிடும். அதைச் சேர்த்துச் சொல்லும்போது காய்கறி மாதிரி ஒலிக்கிறதே என்று யாராவது சிரித்தால், "சொல்லிட்டுப் போங்க, வெந்துடவா போறேன்?" என்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டின் முன் அறை முழுக்க ஏழு மீட்டர் நீளத்துக்கு அவளுடைய வெட்டு மேசை. பின் அறையில் ஐந்து தையல் மெஷின்கள். மாடிப்படிக்கு அடியில், தலை இடிக்காமல் உட்காரப் பழகிய ஒருத்திக்கு மட்டும் இடம் கொடுக்கும் மூலையில், அளவுக்காரியும் அவள் கம்ப்யூட்டரும்.

இத்தனை நாளும் அது போதுமானதாகத்தான் இருந்தது. இருபது சட்டை, முப்பது கோட்டு என்று வரும் ஆர்டர்களுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டையும் வரைவாள். பிறகு அந்தத் துண்டுகளைத் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கிப் படம் போட்டுத் தருவாள். அதற்கு மார்க்கர் என்று பேர். மார்க்கரைத் துணி அடுக்கின் மேல் விரித்து, கோட்டின் மேலேயே கத்திரியக்கா மெஷின் கத்தியை ஓட்டுவாள்.

இந்த முறை வந்திருந்தது பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர். நர்சுகளுக்கு முந்நூற்று இருபது ஜோடி சட்டையும் கால்சட்டையும். எட்டு அளவு. துணியை அவர்களே எடைபோட்டு அனுப்புவது மாதிரி அளந்து அனுப்பிவிட்டார்கள். சரியாக எழுநூற்று இருபது மீட்டர். இறக்கிவிட்டுப் போன ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு சாண் கூட மேல கிடையாதும்மா. இந்தச் சாயத்துல இவ்வளவுதான் நெய்திருக்காங்க. பத்தலைன்னா அடுத்த சாயத்துல வரும். அப்புறம் பாதிப் பேரு ஒரு நீலம், மீதிப் பேரு ஒரு நீலம்னு வார்டுல நிப்பாங்க. அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. இது ஒழுங்கா வந்துச்சுன்னா டாக்டருங்க கோட்டு, ஆபரேஷன் ரூம் துணி எல்லாமே உங்களுக்குத்தான்."

எட்டு அளவையும் ஒன்றாகக் கலந்து அடுக்கினால்தான் பெரிய துண்டுகளின் இடுக்கில் சின்னத் துண்டுகள் போய் உட்காரும். அப்படி அடுக்கச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் அறுபத்தொன்றில் நின்றுவிடுகிறது. ரெண்டு ரெண்டு அளவாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தாள். அது ஓடியது. ஆனால் எழுநூற்று நாற்பத்தொரு மீட்டர் கேட்டது.

கத்திரியக்கா மேசையில் நீலத் துணியை விரித்துக்கொண்டிருந்தாள். உருளையில் இறுகிச் சுற்றி வந்த துணியை வெட்டுவதற்கு முன் ரெண்டு மூன்று நாள் தளரவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கித் தொலைக்கும். வெளியே மூன்று நாளாக மழை. ஈரக் காற்று படாமல் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். அறை முழுக்கப் புதுத் துணியின் கஞ்சி வாசனை.

"என்ன, மறுபடியும் படுத்துக்கிச்சா?" என்றாள் துணியிலிருந்து தலையை எடுக்காமல்.

"படுத்துக்கிச்சு அண்ணி."

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. திங்கக்கிழமை காலையில நான் கத்தி வச்சே ஆகணும். அஞ்சு பேரு மெஷின்ல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அட்டையில வெட்டிக் குடு. நான் கையாலேயே அடுக்கிக்கிறேன். உன் பெட்டி வர்றதுக்கு முன்னாடி நாங்க துணி வெட்டலையா?"

"வெட்டினீங்க. ஒரே அளவு, ஒரே சட்டை. இது எட்டு அளவு அண்ணி. கையால அடுக்கினா எழுநூத்தம்பதுக்குக் கொறையாது."

"பெட்டியால அடுக்கினா எழுநூத்தி நாப்பத்தொண்ணுனு நீதானே சொன்ன? ஒம்பது மீட்டருக்கா இந்தக் கூத்து?"

அளவுக்காரிக்குச் சுருக்கென்றது. பதில் சொன்னால் பேச்சு வளரும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் டிரைவர் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். கேட்ட கையோடு தீர்ப்பும் சொன்னார்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாம். அரதப் பழசு இது."

"புதுசு வாங்கி? பின்னாடி பாருங்க." அவள் பெட்டியின் முதுகைக் காட்டினாள். அகலமாக, ரெண்டு வரிசை ஓட்டைகளோடு ஒரு பழைய சாக்கெட்டில், கட்டைவிரல் அளவில் ஒரு சாவிக்கட்டை செருகியிருந்தது. "அது இருந்தாத்தான் பேட்டர்ன் சாப்ட்வேர் திறக்கும். இந்த மாதிரி சாக்கெட் இப்ப வர்ற பெட்டியில கிடையாது. வித்த கம்பெனியும் மூடிட்டுப் போயிட்டான். ஏழு வருஷத்து அளவு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப ரேம் போட்டா சரியாப் போயிடும்," என்றார் டிரைவர். டெப்போவில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். "நம்ம டைம்கீப்பர் ரூம்ல அப்படித்தான் சரி பண்ணாங்க. நாளைக்கு நான் வாங்கிட்டு வந்துடறேன். நீ கவலைய விடு."

அவர் கவலையை விடு என்று சொன்னால்தான் அவளுக்குக் கவலை ஆரம்பிக்கும். ஆனாலும் அன்றைக்கு அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் கடைவீதி வழியாக வந்து, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தார்.

"எட்டு ஜிபி. இருக்கறதுலயே புது ரகம். வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகமாம்."

"நம்ம பெட்டி மாடல் என்னன்னு கடையில கேட்டாங்களா?"

"கேட்டான். கறுப்புப் பெட்டின்னு சொன்னேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற சாக்கில் நழுவினார்.

பெட்டியைப் படுக்கவைத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்கள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் வெட்டிய துணிகளின் பஞ்சு அத்தனையும் உள்ளே போய், வெள்ளையும் சாம்பலும் நீலமுமாகப் படிந்து, மெத்தை மாதிரி கிடந்தது. மின்விசிறியின் இறக்கைகளே தெரியவில்லை.

"தலையணை தைக்கலாம் போலிருக்கே," என்று கத்திரியக்கா எட்டிப்பார்த்துச் சொன்னாள். மெஷினுக்கு எண்ணெய் போடும்போது துடைக்கிற சின்ன பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

பஞ்சை எடுத்து முடிக்கவே முக்கால் மணி ஆனது. இதனால்தான் நின்றிருக்குமோ என்று ஒரு ஆசையில் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். அறுபத்துமூன்றில் நின்றது.

"ரெண்டு பர்சென்ட் முன்னேற்றம்," என்றார் டிரைவர்.

"பஞ்சுக்கு அவ்வளவுதான்," என்றாள் அவள். மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுப் பழைய ரேம் ஒன்றை எடுத்தாள். சீப்பு மாதிரி நீளமான பச்சைப் பட்டை, கீழே தங்க நிறப் பற்கள், பல்வரிசையின் நடுவில் ஒரு வெட்டு. டிரைவர் புதிய பட்டையைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. திருப்பி வைத்தார். இறங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை ஊன்றினார்.

அவள் அவர் கையில் ஒன்று போட்டாள். "விடுங்க! பஸ் கியரா இது?"

"கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்வளவுதான்…"

"டைட்டு இல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. வெட்டு எங்க இருக்கு? பழசுல இங்க. புதுசுல கால் அங்குலம் தள்ளி. பல்லும் இதுல ஜாஸ்தி. இது வேற ஜாதி. செருப்பு புதுசுங்கறதுக்காகக் கால வெட்டிக்க முடியுமா?"

டிரைவர் ரெண்டு பட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அவரிடம் அவளுக்குப் பிடித்தது அதுதான். தப்பு என்று தெரிந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே கிளம்பினாள். பழைய ரேம் ஒன்றைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். மதர்போர்டின் மேல் பொடி எழுத்தில் இருந்த எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். கடைக்காரர் நல்ல மாதிரி. பட்டையைப் பார்த்ததும், "இது டிடிஆர் மூணு. உங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போனது நாலு," என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். வெட்டு அதே இடத்தில். பல் அதே எண்ணிக்கை. நாலு ஜிபி.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். ரெண்டு பக்கத்துக் கொக்கிகளும் டக் டக்கென்று தாமாகவே வந்து பிடித்துக்கொண்டன. அந்தச் சத்தமே வயிற்றில் பால் வார்த்தது. ஸ்விட்சைப் போட்டாள்.

திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் நீளமாகக் கத்தியது. நிறுத்தியது. மறுபடி நீளமாகக் கத்தியது.

பின் அறையில் தையல்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கத்திரியக்கா அட்டைத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தம் பெட்டி போட்டதைவிட உரக்கக் கேட்டது.

பழைய ரேமை மாட்டினால் வேலை செய்தது. புதியதை மாட்டினால் கத்தியது. பள்ளத்தை மாற்றி மாற்றிப் போட்டாலும் அதே பாட்டுத்தான். அளவுக்காரி மாடிப்படிக்கு அடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் கத்திரியக்காவின் முதுகு போய்க்கொண்டிருந்தது.

டீயைக் குடித்த பிறகு புத்தி கொஞ்சம் தெளிந்தது. இந்தப் பெட்டி வந்தபோது கூடவே ஒரு சின்னப் புத்தகம் வந்ததே! மேசை இழுப்பறையில், உடைந்த ஊசிகளுக்கும் பொத்தான்களுக்கும் அடியில் கிடந்தது. அதில் ரேம் பற்றி ஒரே ஒரு பக்கம், ஒரு அட்டவணை. அட்டவணை படிப்பதுதான் அவள் தொழிலே. மற்றவர்கள் முதல் வரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் கடைசிக் கட்டம் வரைக்கும் விரல் வைத்துப் படிப்பாள். மொத்தம் எட்டு ஜிபி வரை ஏற்கும், ஒரு பள்ளத்துக்கு நாலு. இது சரி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். ஒவ்வொரு சிப்பும் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு எண் போட்டிருந்தது. அது என்ன என்று அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒரு அட்டவணையில் காரணமில்லாமல் ஒரு கட்டம் இருக்காது என்று மட்டும் தெரியும்.

கடைவீதிக்குப் பின்னால், சாணை பிடிக்கிறவரின் பட்டறைக்கு மேலே, கடைகளின் பில் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஒருத்தர் இருந்தார். போனிலேயே சத்தத்தைக் கேட்டு நோவைச் சொல்லிவிடுவார் என்று பேர். அவரை எல்லோரும் பீப்காரர் என்பார்கள். அவருக்குப் போன் போட்டாள்.

"கத்துதா? எப்படிக் கத்துது? எனக்குக் கேக்கற மாதிரி போனைப் பக்கத்துல வைங்க."

வைத்தாள். பெட்டி கத்தியது.

"போதும் போதும், காது போச்சு. ரேமை அது கண்டுக்கலைம்மா. கழட்டிக் கையில எடுத்துக்கங்க. கறுப்பு கறுப்பா சதுரம் இருக்கே, சிப்பு, அது எத்தனை? எண்ணுங்க."

"எட்டு."

"திருப்பிப் பாருங்க. அந்தப் பக்கம்?"

"மொழுக்குன்னு இருக்கு. ஒண்ணுமில்ல."

"அதான் சங்கதி. இது புதுத் தயாரிப்பு. நாலு ஜிபியை எட்டே சிப்புக்குள்ள திணிச்சிருக்கான். உங்க போர்டு வந்த காலத்துல ஒரு சிப்புல அவ்வளவு அடைக்க மாட்டாங்க. அதுக்கு அதைப் படிக்கவே தெரியாது. ரெண்டு பக்கமும் எட்டு எட்டு, மொத்தம் பதினாறு சிப்பு இருக்கற நாலு ஜிபி வேணும்."

"அதே நாலுதானே?"

"அதே நாலுதான். பதினாறாப் பிரிச்சு வச்சிருக்கும்."

அவள் கையிலிருந்த புத்தகத்தின் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். நாலைப் பதினாறால் வகுத்தால் அந்த எண். எட்டால் வகுத்தால் அதைப்போல் ரெண்டு மடங்கு. "புரிஞ்சிடுச்சு!" என்று போனில் கத்தியே விட்டாள். "உங்ககிட்ட இருக்கா?"

"பழசுல கிடக்கும். மூணு பிஸ்கட் டின் நிறையக் கொட்டி வச்சிருக்கேன். தேடி எடுக்கத்தான் எனக்கு நேரமில்ல. நாளைக்கு வந்து நீங்களே பொறுக்கிக்கிறதுன்னா வாங்க."

சனிக்கிழமை காலையில் அவள் செருப்பை மாட்டும்போது கத்திரியக்காவும் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எனக்குச் சாணை பிடிக்க வேண்டியிருக்கு. அங்கதானே போற?"

ரெண்டு பேரும் ஒரு குடையில் நடந்து போய் ஏறிய பஸ் டிரைவருடைய பஸ்ஸாகவே அமைந்தது. அவர் கண்ணாடியில் பார்த்தார். அக்காவும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அடுத்த ஸ்டாப்பில் நிற்கும்போது இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு உன் புருஷனை," என்றாள் கத்திரியக்கா.

"உங்க தம்பிதானே, நீங்களே சொல்லுங்க."

பீப்காரரின் அறை அகலமே நாலு முழம்தான். நடுவயசு, ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். தலைக்கு மேல் வரை பலகைகள் அடித்து, பில் மெஷின்களும் வயர்ச் சுருள்களும் அடைத்து வைத்திருந்தார். டின்களைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "அதிர்ஷ்டத்தைப் பொறுத்து," என்று சொல்லித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இருநூறு முந்நூறு பட்டைகள் இருக்கும். பச்சை, நீலம், கறுப்பு.

அளவுக்காரி ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். பாதிச் சீட்டுகள் கிழிந்திருந்தன. பத்தைப் பார்ப்பதற்குள் கண் எரிந்தது. கத்தியைக் கீழே சாணைக்குக் கொடுத்துவிட்டு வந்த கத்திரியக்கா கொஞ்ச நேரம் வாசல்படியிலேயே நின்று பார்த்தாள்.

"இப்படி ஒண்ணொண்ணாப் படிச்சா அடுத்த மழை வந்துடும். என்ன பாக்கணும்னு சொல்லு."

"வெட்டு இந்த இடத்துல இருக்கணும் அண்ணி." அவள் பழைய ரேமைக் கொடுத்தாள். "அப்புறம் ரெண்டு பக்கமும் சிப்பு இருக்கணும். பக்கத்துக்கு எட்டு."

கத்திரியக்கா கீழே உட்கார்ந்தாள். பழைய ரேமின் வெட்டில் கட்டைவிரல் நகத்தை ஒரு தடவை வைத்து எடுத்தாள். அவ்வளவுதான் பாடம். பிறகு குவியலில் கை விட்டாள். முப்பது வருஷம் துணியின் நூலோட்டத்தைத் தடவித் தடவியே நேர் பார்த்த விரல்கள். எடுப்பதும், நகம் வெட்டைத் தொடுவதும், ஆள்காட்டி விரல் முதுகைத் தடவுவதும் ஒரே அசைவாக நடந்தது. மொழுக்கென்றிருந்தால் இடது பக்கம் எறிந்தாள். ரெண்டு பக்கமும் கரடாக இருந்தால் மடியில் போட்டாள். கண் குவியலில்கூட இல்லை. பீப்காரர் பிரித்துப்போட்டிருந்த மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணி, நேத்தே உங்களைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"நீ கூப்பிட்டியா?"

அளவுக்காரி கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தாள். உண்மைதான். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட மாடிப்படிக்கு அடியில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. அவள் மேசைக்கு அவள் ராணி, என் மூலைக்கு நான் ராணி என்று இருந்துவிட்டாள்.

"கூப்பிட்டிருக்கணும்," என்றாள்.

"ம்," என்றாள் கத்திரியக்கா. ஒரு பட்டையைக் குவியலில் எறிந்துவிட்டு, "நான் மட்டும் என்ன, வந்து எட்டிப்பாத்தேனா?" என்றாள்.

மடியில் பதினோரு பட்டைகள் சேர்ந்தன. சீட்டைப் படித்துக் கழித்ததில் நாலு ஜிபி என்று தேறியவை ரெண்டே ரெண்டு. பீப்காரர் அவற்றைத் தன் சோதனைப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். ஒன்று செத்துப்போயிருந்தது. இன்னொன்றுக்குப் பெட்டி குட்டையாக ஒரே ஒரு தடவை 'பீப்' என்றது.

"இதுதான் ஆரோக்கியமான சத்தம்," என்றார் பீப்காரர். "சீட்டுல போட்டிருக்கற வேகம் உங்களுதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்ல, அது உங்க போர்டுக்கு ஏத்த மாதிரி இறங்கி வந்துடும்."

"ஜோடி இல்லாம ஒண்ணே ஒண்ணா எப்படி?" என்று கேட்டாள் அளவுக்காரி.

"இன்னொரு பள்ளத்துல உங்க பழைய ஒரு ஜிபியையே விடுங்க. நாலும் ஒண்ணும் அஞ்சு. ஜோடியா இருந்தா இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும், அவ்வளவுதான். உங்களுக்கு வேகமா முக்கியம்? முழுசா முடிக்கணும், அதானே?"

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாட்டினாள். கத்திரியக்கா டார்ச் பிடித்தாள். குட்டையாக ஒரே ஒரு பீப். திரை எழுந்தது. ஐந்து ஜிபி என்று காட்டியது. எட்டு அளவையும் கலந்து கொடுத்து ஓடவிட்டுவிட்டு ரெண்டு பேரும் உருளைக்கிழங்கு நறுக்க உட்கார்ந்தார்கள். அறுபத்தொன்றைத் தாண்டும்போது மட்டும் அளவுக்காரி எழுந்து போய் நின்றாள். அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று. அறுபத்துநாலு. அதற்குமேல் அவள் எண்ணவில்லை.

டிரைவர் வந்து கை கழுவும்போது வேலை முடிந்திருந்தது. மூன்று மார்க்கர்கள், ஒவ்வொன்றும் நாற்பது அடுக்குத் துணிக்கு. மூவரும் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். மொத்தம் எழுநூற்று இருபத்திரண்டு மீட்டர்.

"ரெண்டு மீட்டர்தானே," என்றார் டிரைவர்.

"ரெண்டு மீட்டர்னா ஒருத்தருக்குச் சட்டை இல்லைனு அர்த்தம்," என்றாள் அளவுக்காரி. இவ்வளவு தூரம் வந்து இதுவா?

கத்திரியக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை விரித்துப் பார்க்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்தக் கால்சட்டைக்கும் இந்தக் கைக்கும் நடுவுல இவ்வளவு சந்து எதுக்கு?"

"அது… கம்ப்யூட்டர் அப்படி வச்சிருக்கு அண்ணி. நாமளும் நகத்தலாம். ஆனா எது எங்க போகும்னு எனக்குக் கண்ணு கட்டிடும்."

"பாக்கெட்டத் தலைகீழாத் திருப்பு. நூலோட்டம் மாறாது. பூப்போட்ட துணியா இது, தலை கால் பாக்க?"

"நீங்களே திருப்புங்களேன்."

"நானா?"

அளவுக்காரி எழுந்து நாற்காலியைக் காலி செய்தாள். கத்திரியக்கா உட்கார்ந்தாள், உட்காரும்போது தலை மாடிப்படியில் நங்கென்று இடித்தது. திட்டிக்கொண்டே மவுசைப் பிடித்தாள், கத்தியின் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி ஐந்து விரலாலும். அளவுக்காரி அவள் கையின்மேல் கையை வைத்து, அழுத்துவது எப்படி, இழுப்பது எப்படி, விடுவது எப்படி என்று காட்டினாள். முதல் பாக்கெட் எங்கேயோ பறந்து போயிற்று. ரெண்டாவது ஒரு காலரின் மேல் ஏறி உட்கார்ந்தது. டிரைவர் சிரித்தார். "போய் முட்டைய வேக வை," என்றாள் அக்கா. அவர் போனார்.

மூன்றாவது, சந்துக்குள் கச்சிதமாக இறங்கியது. அதன் பிறகு கை பிடிபட்டுவிட்டது. ஒரு காலரைக் குடைந்து கழுத்துவளைவுக்குள் படுக்கவைத்தாள். ரெண்டு கைத்துண்டுகளை எதிரும் புதிருமாகத் தோளோடு தோள் சேர்த்தாள். கடைசியில் ஒரு கால்சட்டையை முழுசாகவே தள்ளினாள். முதல் மார்க்கர் மூன்று விரற்கடை குட்டையாயிற்று.

"மூணு விரல்தான்," என்றாள் கத்திரியக்கா சலிப்பாக.

"அண்ணி, மூணு விரல் இல்ல. நாப்பது அடுக்கு. ரெண்டு மீட்டருக்கு மேல வருது!"

கத்திரியக்கா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. "அப்ப இன்னும் ரெண்டு படம் இருக்கே, எடு."

முட்டை ஆறியது, ரொட்டி ஆறியது. டிரைவர் ஒரு தட்டை எடுத்துவந்து அங்கேயே நீட்டினார். அக்கா இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், வலது கை மவுசை விடவில்லை. மூன்றாவது படம் முடிந்தபோது அளவுக்காரி மொத்தத்தைக் கூட்டச் சொன்னாள். எழுநூற்றுப் பதினைந்து.

"அஞ்சு மீட்டர் மிச்சம்," என்றாள் அளவுக்காரி.

"மிச்சம் இருக்கட்டும். ஸ்டோர்காரர் வந்தா முன்னாடி விரிச்சுக் காட்டு," என்றாள் கத்திரியக்கா. பிறகு திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே கேட்டாள். "இதுல பிரிண்ட் எடுக்கறது எது?"

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. ஜன்னல்களைத் திறந்தார்கள். நாற்பது அடுக்கு நீலத்தின் மேல் தாளை விரித்து, நாலு மூலையிலும் இரும்புக் கட்டைகளை வைத்து, கத்திரியக்கா கத்தியை ஓட்டினாள். ஐந்து தையல்காரிகளும் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். முதல் துண்டு பிரிந்து வந்தபோது ஒருத்தி, "எவ்வளவு நெருக்கமா அடுக்கியிருக்கு! யாரு போட்ட படம் இது?" என்று கேட்டாள்.

கத்திரியக்காவும் அளவுக்காரியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். பிறகு ரெண்டு பேருமே மூடிக்கொண்டார்கள்.

"கேள்வி கேட்டது போதும், துண்ட எண்ணி எடு," என்றாள் கத்திரியக்கா, கத்தியை அடுத்த கோட்டுக்குத் திருப்பிக்கொண்டே.